வீட்டில் ஒரு சிந்தசைஸர்: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க மேடையில் என் பேத்தி தம்புரா துணையோடு இரண்டு பாட்டு மட்டும் பாடிவிட்டு இறங்கிவிட்டாள். "அழைப்பிதழில் கீபோர்டு என்று போட்டிருந்ததே, ஏன் வாசிக்கவில்லை?" என்று பலரும் என்னைக் கேட்டார்கள். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மை இதுதான்: விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கருவியை நான்தான் எரித்துவிட்டேன்.

மின் பொறியியலில் டிப்ளமா படித்து, மேற்கு ரயில்வேயில் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வீரம்காம், மேசானா, சபர்மதி என்று எத்தனையோ ரிலே அறைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு சின்ன அடாப்டரில் கோட்டை விட்டேன். என் தங்கை மகன் நியூஜெர்சியிலிருந்து வந்தபோது, தான் பயன்படுத்திய சிறிய சிந்தசைஸர் ஒன்றைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் அடாப்டர் அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கு உரியது. அதை நம் ஊர் 230 வோல்ட்டில் சொருகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே, பெரிய புத்திசாலி போல, அலமாரியிலிருந்த பழைய மோடத்தின் 9 வோல்ட் அடாப்டரை எடுத்தேன். வோல்ட் சரி. ஆம்பியர் சரி. முள்ளும் சரியாகப் பொருந்தியது. ஆனால் கருவியின் அடியில் அச்சிட்டிருந்த சின்னப் படத்தை நான் பார்க்கவில்லை. அந்தக் கருவிக்கு நடுமுள் மைனஸாக இருக்க வேண்டும். மோடத்தின் அடாப்டரிலோ நடுமுள் பிளஸ். சுவிட்சைப் போட்ட சில வினாடிகளில் எனக்கு நன்கு பழக்கமான அந்தக் கருகல் வாசனை வந்தது.

"முப்பத்தெட்டு வருஷம் ரயிலுக்கு சிக்னல் பார்த்தீங்களே, இந்த பிளஸ் மைனஸைப் பார்க்கலையா?" என்றாள் என் மனைவி. அதைத் தாங்கிக்கொள்ளலாம். பதினொரு வயதுக் குழந்தை, "பரவாயில்லை தாத்தா, நான் பாடறேன்" என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மாமி மகனோடு பெங்களூருக்குப் போய்விட்ட பிறகு, மணிநகரில் எங்களுக்கு வேறு ஆசிரியர் கிடைக்கவில்லை. சுருதியோடு அவளைச் சேர்த்து வைத்திருந்தது அந்தக் கருவி ஒன்றுதான். பிறகு நான்கு மாதம் அலைந்து, படித்து, நாலு பேரைக் கேட்டு, வேறொன்று வாங்கினோம். அப்போது தெரிந்துகொண்டவற்றை, இதே எண்ணத்தில் இருக்கும் பெற்றோருக்கும் தாத்தாக்களுக்கும் எழுதுகிறேன்.

கீபோர்டு வேறு, சிந்தசைஸர் வேறு

கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பார்கள். வீட்டுக் கீபோர்டு என்பது, ஏற்கெனவே பதிவு செய்யப்பட்ட ஒலிகளை நினைவகத்தில் வைத்திருப்பது. பித்தானை அமுக்கினால் பியானோ, இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல். கூடவே தாளமும் வரும். யமஹா நிறுவனம் இந்தியாவுக்கென்றே பி.எஸ்.ஆர்.-ஐ என்ற வரிசையை வெளியிட்டிருக்கிறது. கேசியோவிலும் ஐ.என். என்று முடியும் மாதிரிகள் உண்டு. இவற்றில் தபலா, தம்புரா போன்ற நம் ஒலிகளையும் சேர்த்திருக்கிறார்கள். சிந்தசைஸர் என்பது ஒலியை நாமே உருவாக்கிக்கொள்ளும் கருவி. அதில் பியானோ ஒலி இல்லாமலும் இருக்கலாம். பேச்சாளர் எனப்படும் ஸ்பீக்கர் பெரும்பாலும் இருக்காது. இந்த ஸ்பீக்கர் விஷயம் தெரியாமல் வாங்கி வந்து, "சத்தமே வரவில்லை" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. மூன்றாவது ஒரு வகை, வெறும் கட்டைகள் மட்டும் கொண்டது. அதற்கென்று சொந்த ஒலி கிடையாது. கணினியோடு இணைத்தால்தான் பேசும். விலை குறைவாக இருக்கிறதே என்று அதைக் குழந்தைக்கு வாங்கிவிடாதீர்கள்.

இந்தக் கருவியின் கதையில் நம் ஊருக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்ற பொறியாளர் 1964-ல் தம் முதல் சிந்தசைஸரை உருவாக்கினார். அறை நிறையும் பெட்டிகள், தொலைபேசி எக்ஸ்சேஞ்சு போலக் கம்பிகள். 1970-ல்தான் கையில் தூக்கிச் செல்லக்கூடிய மினிமூக் வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 1969-ல், டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் ஒரு பெரிய மூக் கருவியை அகமதாபாத்துக்குக் கொண்டு வந்து, பால்டியில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நிறுவினார். கீதா சாராபாய் முதலானோர் அதில் இசை அமைத்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடந்து, 2023-ல் இசைத்தட்டாக வெளிவந்தன. ஆற்றுக்கு இக்கரையில் இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும், அக்கரையில் இப்படி ஒன்று நடந்தது எனக்குத் தெரியாமலே இருந்தது.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற கலைஞர் 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைஸரில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் ஜுபிடர்-8, டி.பி.-303, டி.ஆர்.-808 ஆகிய மூன்று கருவிகள்தான் அவர் பயன்படுத்தியவை. அன்று அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010-ல் மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 1989-ல் வீட்டை ஒட்டியே தம் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்ததும், 1992-ல் ரோஜா வந்ததும் நீங்கள் அறிந்ததே. வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய காரியம்தான் இது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒலி எப்படிப் பிறக்கிறது?

வழக்கமான சிந்தசைஸரில் மூன்று பகுதிகள் முக்கியமானவை. முதலாவது ஆஸிலேட்டர். இது மின் அலையை உண்டாக்குகிறது. ரம்பப் பல் போன்ற அலை, சதுர அலை, முக்கோண அலை என்று வடிவங்கள் உண்டு. ரம்பப் பல் அலையில் அடிப்படை ஒலியோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என எல்லா மேல் ஒலிகளும் கலந்திருக்கும். கேட்க நாகஸ்வரம் போல் கூர்மையாக இருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருப்பதால் கிளாரினெட் போல் சற்றுப் பொள்ளலாக ஒலிக்கும்.

இரண்டாவது ஃபில்டர். காப்பி ஃபில்டரேதான், மேலே போட்டதில் எதைக் கீழே விடுவது என்று முடிவு செய்கிறது. இதன் திருகை இடப்பக்கம் திருப்பத் திருப்ப மேல் ஒலிகள் நீங்கி, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மெத்தென்று ஆகும். வலப்பக்கம் திருப்பினால் பளிச்சென்று திறக்கும்.

மூன்றாவது என்வலப். ஓர் ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது இதுதான். இதற்கு நான்கு திருகுகள். கட்டையை அமுக்கியதும் ஒலி உச்சிக்கு ஏற எடுக்கும் நேரம், அங்கிருந்து சற்று இறங்கும் நேரம், விரல் அமுக்கியிருக்கும் வரை நிற்கும் அளவு, விரலை எடுத்த பின் மறையும் நேரம். வீணையின் நரம்பை மீட்டினால் என்ன ஆகிறது? ஒலி உடனே எழுகிறது, பிறகு மெல்ல மெல்லத் தேய்கிறது, நிலையாக நிற்பதில்லை. ஆகவே ஏறும் நேரம் மிகக் குறைவு, இறங்கும் நேரம் இரண்டு மூன்று வினாடி, நிற்கும் அளவு பூஜ்யம். புல்லாங்குழலில் மூச்சு இருக்கும் வரை ஒலி நிற்கும். ஏறுவதும் சற்று மெதுவாக. அப்படியானால் நிற்கும் அளவைக் கூட்ட வேண்டும். ரம்பப் பல் அலையை வைத்துக்கொண்டு இந்த நான்கு திருகுகளையும் ஃபில்டரையும் மட்டும் மாற்றி ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். நம் வாத்தியங்களைப் பற்றியே புதிதாகச் சில விஷயங்கள் புரியும். எனக்குப் புரிந்தது.

ஒரே சமயத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கும் என்பது இன்னொரு கேள்வி. மினிமூக் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரத்தைத்தான் வாசிக்கும். 1983-ல் வந்த யமஹா டி.எக்ஸ்.-7, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்டுபிடித்த முறையைப் பின்பற்றி, 16 ஸ்வரங்களை ஒன்றாக ஒலித்தது. மேல்நாட்டு இசைக்கு இது அவசியம். நம் சங்கீதத்தில் ராகம் பாட ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் போதும் அல்லவா? ஒற்றை ஸ்வரக் கருவியை மட்டமானது என்று கடைக்காரர் ஒதுக்கினால் நீங்களும் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் கிளைடு என்ற வசதி பெரும்பாலும் அதில் இருக்கும். ஜாருவுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று வாசித்துப் பார்த்தால் தெரியும்.

கட்டையும் சுருதியும்

"அவளுக்கு ஐந்தரைக் கட்டை" என்கிறோம். இந்தக் கட்டை ஹார்மோனியக் கட்டைதான். ஸி என்னும் வெள்ளைக் கட்டையை ஒன்று என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டு போனால் ஐந்தாவது ஜி, ஆறாவது ஏ. இரண்டுக்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டை ஐந்தரை, அதாவது ஜி ஷார்ப். குழந்தை அந்தக் கறுப்புக் கட்டையை ஸட்ஜமாக வைத்து வாசிக்கத் தடுமாறினால், டிரான்ஸ்போஸ் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அதை பிளஸ் 8 என்று வைத்தால், அல்லது ஒரு ஸ்தாயி கீழே வேண்டுமானால் மைனஸ் 4 என்று வைத்தால், ஸி கட்டையை அமுக்கும்போது ஐந்தரைக் கட்டை ஸட்ஜம் ஒலிக்கும். பிறகு வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் சங்கராபரணம். சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளை வேண்டுமே: ஸி, ஸி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி, பிறகு மேல் ஸி.

கறுப்புக் கட்டைகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு ஸ்தாயியில் அவை ஐந்துதான். டிரான்ஸ்போஸைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, எஃப் ஷார்ப்பை ஸட்ஜமாகக் கொண்டு கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள்: மோகனம். அதே ஐந்து கட்டைகளை ஜி ஷார்ப்பிலிருந்து தொடங்குங்கள்: மத்யமாவதி. ஏ ஷார்ப்பிலிருந்து: ஹிந்தோளம். ஸி ஷார்ப்பிலிருந்து சுத்த ஸாவேரி, டி ஷார்ப்பிலிருந்து சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று வித்வான்கள் மேடையில் செய்து கைதட்டல் வாங்குவது இதைத்தான். ஒவ்வொரு முறையும் அந்தந்த ஸட்ஜத்தைத் தம்புரா போல் அடியில் ஒலிக்க விட்டுக்கொண்டு வாசித்தால்தான் ராகம் மாறுவது காதுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இந்த விளையாட்டு ஒரு வாரம் ஓடியது. பக்கத்து வீட்டு குஜராத்திப் பையனும் வந்து சேர்ந்துகொண்டான். ஏ ஷார்ப்பில் தொடங்கியதும் "இது மால்கௌன்ஸ்" என்று அவன் கண்டுபிடித்தான்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். கீபோர்டின் ஸ்வரங்கள் நம் சுருதிக்கு முழுக்கச் சரியாக இருப்பதில்லை. அதில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டையும் முந்தையதைப் போல் சுமார் 1.0595 மடங்கு. மத்திய ஸ்தாயி ஸி 261.6 ஹெர்ட்ஸ். இயற்கையான அந்தர காந்தாரம் இதைப்போல் ஒன்றேகால் மடங்கு, அதாவது 327 ஹெர்ட்ஸ். கீபோர்டு கொடுப்பதோ 329.6. இந்த இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் வினாடிக்கு இரண்டரை முறைக்கு மேல் அலை அடிப்பது கேட்கும். இசைக்காரர்கள் இதை 14 சென்ட் வித்தியாசம் என்பார்கள். நூறு சென்ட் ஓர் அரை ஸ்வரம். பஞ்சமத்தில் இரண்டு சென்ட்தான், அது காதில் விழாது. காந்தாரத்தில் விழும். தம்புராவோடு பழகிய குழந்தை காந்தாரத்தில் முகம் சுளித்தால் அவளைத் திருத்தாதீர்கள். அவள் காது சரியாக இருக்கிறது. சில மாதிரிகளில் ஸ்கேல் டியூனிங் என்று ஒரு வசதி இருக்கும். அதில் அந்த ஒரு ஸ்வரத்தை மைனஸ் 14 என்று குறைத்துவிடலாம். வாங்கும்போது இந்த வசதி உண்டா என்று கேளுங்கள். கடைப் பையனுக்குத் தெரியாது. கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கமகத்துக்கு என்ன செய்வது? இடப்பக்கம் பிட்ச் பெண்ட் என்று ஒரு சக்கரமோ கைப்பிடியோ இருக்கும். அதை அசைத்தால் ஸ்வரம் மேலும் கீழும் வளையும். விட்டால் நடுவுக்கு வந்துவிடும். பொதுவாக மேலே இரண்டு கட்டை, கீழே இரண்டு கட்டை அளவுக்கு வளையுமாறு வைத்திருப்பார்கள். மிகச் சிறிய விலை குறைந்த மாதிரிகளில் இந்தச் சக்கரம் இருப்பதில்லை. நம் சங்கீதத்துக்காக வாங்குவதானால் இது இல்லாததை வாங்கவே கூடாது என்பது என் கருத்து. கீபோர்டு சத்யநாராயணன் அவர்கள் வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு, வலக்கை ஸ்வரத்தையும் இடக்கை கமகத்தையும் பார்த்துக்கொள்ளும்போது என்னவெல்லாம் சாத்தியம் என்று தெரிந்திருக்கும். கையில் வர நாளாகும். எங்கள் வீட்டில் தோடி இன்னும் வரவில்லை.

மணியோசை ரயில் ஆகாது

கருவிகளின் பின்புறத்தில் ஐந்து ஓட்டைகள் கொண்ட வட்டமான சாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மிடி என்று பெயர். 1983-ல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காக வந்த பொது ஏற்பாடு இது. ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷி, சீக்வென்ஷியல் நிறுவனத்தின் டேவ் ஸ்மித் இருவரும் இதற்கு முக்கிய காரணம். போட்டி நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட அதிசயம் என்றும் சொல்லலாம். இன்று யு.எஸ்.பி. கம்பி வழியாகவும் இதே மொழிதான் ஓடுகிறது.

பலரும் மிடி கம்பியில் ஒலி போகிறது என்று நினைக்கிறார்கள். ரயில்வேக்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். இந்த ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு பிளாக் கருவியில் மணி அடிக்கிறோம். எந்த மணிக்கு என்ன பொருள் என்பது இருவருக்கும் தெரியும். கம்பியில் போனது செய்தி மட்டுமே. ரயில் தண்டவாளத்தில் தனியே வரும். மிடியும் அப்படித்தான். "முதல் வாய்க்கால், 60-ஆம் எண் கட்டை, 90 அளவு வேகத்தில் அமுக்கப்பட்டது" என்ற செய்திதான் போகிறது. அதைப் பெறும் கருவி தன் சொந்தக் குரலில் ஒலிக்கிறது. கம்பியின் வேகம் வினாடிக்கு 31,250 பிட். ஒரு ஸ்வரத்தின் செய்தி மூன்று பைட். போய்ச்சேர ஒரு மில்லி செகண்டுக்கும் சற்றுக் குறைவாக ஆகும். மொத்தம் 16 வாய்க்கால்கள். ஒரு கருவியின் அவுட் என்ற சாக்கெட்டிலிருந்து அடுத்ததன் இன் என்ற சாக்கெட்டுக்குப் போட வேண்டும். அவுட்டுக்கு அவுட் போட்டுவிட்டு ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

அமுக்கும் வேகத்தை எப்படி அளக்கிறார்கள் என்று என் பேத்தி கேட்டாள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள். ஒன்று முதலில் தொடும், மற்றது சற்றுப் பின்னால். இடைப்பட்ட நேரம் குறைவானால் வேகமாக அமுக்கினாய் என்று பொருள். தண்டவாளத்தில் ஆக்ஸில் கவுண்டர் வைக்கும்போதும் அருகருகே இரண்டு உணர்கருவிகள்தான் வைப்போம். எது முதலில் சொன்னது என்பதை வைத்து ரயில் போகும் திசை தெரியும். இதைச் சொன்னபோது எனக்கிருந்த உற்சாகம் அவளுக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தொடு உணர்வு இல்லாத மாதிரியில் மெல்ல வாசித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். குழந்தையின் விரல் கெட்டுவிடும்.

மின்சாரம்: நான் செய்ததைச் செய்யாதீர்கள்

அடாப்டரில் பார்க்க வேண்டியவை நான்கு. வெளிவரும் வோல்ட் கருவியில் எழுதியிருப்பதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஏ.சி.யா டி.சி.யா என்று பார்க்க வேண்டும். சில பழைய கருவிகள் ஏ.சி.யே கேட்கும். நான்காவது, நடுவில் புள்ளியும் சுற்றிலும் பிறையும் போட்ட சின்னப் படம். புள்ளியோடு இணைந்த கோடு பிளஸுக்குப் போகிறதா மைனஸுக்குப் போகிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். ஒரே நிறுவனத்தின் கருவிதானே என்ற நம்பிக்கையும் உதவாது. கேசியோவின் பழைய 9 வோல்ட் அடாப்டரில் நடு மைனஸ். பின்னால் வந்த 9.5 வோல்ட் அடாப்டரில் நடு பிளஸ். யமஹா வீட்டுக் கீபோர்டுகளின் 12 வோல்ட் அடாப்டரிலும் நடு பிளஸ்தான். வாங்கிய அன்றே அடாப்டரின் மேல் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, எந்தக் கருவிக்கு என்று எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மிக்ஸியைத் தவிர எல்லாவற்றிலும் டேப் ஒட்டியிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டு வரும் கருவிகளில் 100–240 என்று எழுதியிருந்தால் கவலையில்லை. ஜப்பானுக்குரிய 100 வோல்ட்டோ அமெரிக்காவுக்குரிய 120 வோல்ட்டோ மட்டும் எழுதியிருந்தால் தக்க ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள். வீட்டில் பழைய சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால், மின்தடையின்போது ஸ்பீக்கரில் உறுமல் கேட்கும். அந்த நேரத்தில் கருவியை அணைத்துவிடுவதே நல்லது. சாதாரண நாளிலும் "ம்..." என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால், கருவி ஓர் அறைப் பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் வேறு அறைப் பிளக்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். முனகலைப் போக்க எர்த் முள்ளை ஒடிக்கும் 'நிபுணர்'களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டுக் கேட்க நன்று, வாசிக்க உதவாது. ஒலி காற்றில் வினாடிக்கு சுமார் 343 மீட்டர் செல்கிறது. மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் அடி நமக்கு நூறில் ஒரு வினாடி கழித்துத்தான் கேட்கிறது, அது பழகிவிடும். ப்ளூடூத்தில் இதைப்போல் பத்து, இருபது மடங்கு தாமதமாகலாம். கட்டையை அமுக்கிய பின் ஒலி வந்தால் குழந்தைக்குத் தாளமே தவறிப் போகும். சாதாரண ஒயர் ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுங்கள். மாடி வீட்டுக்காரர்களும் வாழ்த்துவார்கள்.

வாங்கிய கதை

ஊரின் பெரிய கடை ஒன்றில் எங்களுக்கு எழுபத்தாறு கட்டைகள் கொண்ட ஒர்க்ஸ்டேஷன் ஒன்றைக் காட்டினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒலிகள், பதிவு வசதி, பளபளக்கும் திரை. என் மகனின் ஒன்றரை மாதச் சம்பளம். அவன் தவணையில் வாங்கிவிடலாம் என்று தயாராகிவிட்டான். பொங்கலன்று நடந்ததற்கு ஈடு செய்யும் வேகம் அவனுக்கு, எனக்கும்தான். பேத்தி அதில் ஐந்து நிமிடம் பித்தான்களை அமுக்கிவிட்டு, "தாத்தா, இதுல பாட எங்க வைக்கறது?" என்றாள். சுருதியை எங்கே வைப்பது என்று கேட்கிறாள். கடைக்காரரால் டிரான்ஸ்போஸை மூன்று பக்கம் தாண்டித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. வெளியே வந்துவிட்டோம்.

கடைசியில் வாங்கியது 61 கட்டைகள் கொண்ட, தொடு உணர்வும் பிட்ச் பெண்ட் சக்கரமும் உள்ள சாதாரணக் கீபோர்டு, அதுவும் இரண்டாம் கை. விற்றவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். நான் முதலில் பார்த்தது அடாப்டரை. பிறகு 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாகவும் ஓங்கியும் அமுக்கினேன். ஏதாவது ஒன்று மட்டும் எப்போதும் உரக்க ஒலித்தால் அடியிலுள்ள ரப்பர் தொடுமுனை தேய்ந்திருக்கிறது அல்லது தூசு அடைந்திருக்கிறது என்று பொருள். இது சுத்தம் செய்யக்கூடியதே. வால்யூம் திருகைச் சுற்றும்போது கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் தெளித்துச் சரி செய்யலாம். பாட்டரி அறையைத் திறந்து பச்சைப் பூஞ்சணம் போல் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். ஹெட்ஃபோன் சாக்கெட்டில் முள்ளை ஆட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் ஓட விட்டுச் சூடாகிறதா என்றும் பார்த்தேன். விற்றவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். திருகுகள் நிறைந்த சிந்தசைஸர் ஒன்றைப் பிற்பாடு வாங்கலாம் என்று இருக்கிறோம். கோர்க் வோல்கா போன்ற, பாட்டரியிலும் இயங்கும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. மிடி கம்பி ஒன்றால் இந்தக் கீபோர்டோடு இணைத்துவிட்டால் போதும்.

நம் ஊர்த் தூசியும் மே மாத வெயிலும் கருவிக்கு ஆகாது. ஜன்னலோரம் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையைவிடப் பழைய எட்டு முழ வேட்டி நல்ல மூடி. மாதக்கணக்கில் வாசிக்காமல் வைப்பதானால் பாட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். சரஸ்வதி பூஜையன்று சந்தனம் குங்குமம் இடுவதைக் கருவியின் பின்பக்க ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டைகளின் மேல் ஈரச் சந்தனம் வைத்து அது இடுக்கில் இறங்கி, மத்யமமும் பஞ்சமமும் ஒட்டிக்கொண்டதை ஒரு வீட்டில் பார்த்தேன். பக்தியைக் குறை சொல்லவில்லை.

எரிந்த கருவி இன்னும் பரண்மேல் இருக்கிறது. இரண்டு சில்லுகள் போய்விட்டன, இங்கே கிடைக்கவில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். தங்கை மகன் அடுத்த முறை வரும்போது தேடிக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இதற்கிடையில், வீட்டில் கீபோர்டு வைத்திருக்கும் அன்பர்கள் யாருக்காவது சந்தேகம் இருந்தால், முதல் ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் நான் இருப்பேன். வரும்போது கருவியோடு அடாப்டரையும் மறவாமல் கொண்டு வாருங்கள். மல்டிமீட்டர் நான் கொண்டு வருகிறேன்.